வேலை வாசல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டு ஆண்டுகளாகப் பத்துப் பேர் கொண்ட டீமை நடத்தி வருகிறேன். போன மாத இன்டர்வியூவில், "ஆட்களை நிர்வகிப்பதில் உங்களுக்கு ரொம்ப எரிச்சல் தருவது எது?" என்று கேட்டார்கள். "பொறுப்பில்லாத ஆட்கள்தான்" என்று உள்ளதைச் சொன்னேன். அதன் பிறகு ஏனோதானோவென்று இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கே சறுக்கினேன்?

உள்ளதைச் சொன்னதில் சறுக்கல் இல்லை. "பொறுப்பில்லாத" என்ற சொல்லில்தான் சறுக்கினீர்கள். அது ஒருவரின் குணத்துக்குக் குத்தும் முத்திரை. குணத்தைக் குறை சொன்னால் அதற்கு மேல் மேனேஜர் செய்ய ஒன்றும் இல்லை, திட்டலாம் அல்லது அனுப்பலாம். "அறிக்கை மூன்று வாரமாகத் தாமதம்" என்று நடந்ததைச் சொன்னால், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. உங்கள் பழைய ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது கேட்டவருக்குத் தேவையே இல்லை. எரிச்சல் வந்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் அவர் எடைபோடுகிறார். தன் ஆட்கள் நாளை உங்களிடம் என்ன பாடுபடுவார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பதிலைத் தமிழில் எழுதி, வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்தாலும் பரவாயில்லை. "வரவில்லை, முடிக்கவில்லை, சொல்லவில்லை" என்று வரிசையாக நின்றால் அது புகார் மனு. "கேட்டேன், பார்த்தேன், மாற்றினேன்" என்பவை பாதிக்கு மேல் இருந்தால் அது பதில்.

இப்படி ஒன்று:

"வாராந்தர இருப்பு அறிக்கை திங்கள் காலை 10 மணிக்கு வர வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து மதியம்தான் வந்தது. எனக்கு எரிச்சல்தான். அந்த ஊழியரைத் தனியாக அழைத்து, எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது என்று கேட்டேன். கிடங்குக் கணக்கு அவர் கைக்கு வருவதே 9.40க்கு என்று தெரிந்தது. கிடங்குப் பொறுப்பாளரிடம் பேசி, கணக்கை வெள்ளி மாலையே முடிக்க ஏற்பாடு செய்தேன். அடுத்த எட்டு வாரத்தில் ஒரே ஒரு முறைதான் தாமதம். முதல் வாரமே கேட்காமல் விட்டது என் தவறு. இப்போதெல்லாம் முதல் தாமதத்திலேயே கேட்டுவிடுகிறேன்."

எரிச்சலை மறைக்கவில்லை, ஆனால் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். "வேறு விதமாகச் செய்திருக்கலாமா?" என்று அவர் கேட்கவிருந்ததற்கு அவை முன்கூட்டியே பதில். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம் போதும். இரண்டைத் தாண்டினால் புலம்பல் ஆகிவிடும். போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், பிரச்சினையை விவரிக்கவே பாதி நேரம் போயிருக்கும். அங்கேதான் வெட்ட வேண்டும்.

இந்தக் கதையையே கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். "கிடங்கில் மறுத்திருந்தால்?", "அந்த ஊழியர் முதலில் என்ன சொன்னார்?" என்று துணைக் கேள்வி வரும். இரவல் கதை இரண்டாவது கேள்வியிலேயே பல்லிளிக்கும்.

கேள்வி: "எனக்கு எரிச்சலே வராது" என்று சொல்லித் தப்பிக்கலாமா?

கூடாது. ஒன்று, ஆட்களை நிர்வகித்ததே இல்லை, அல்லது, பொய். கேட்பவருக்கு இந்த இரண்டு முடிவுகள்தான் தோன்றும். "எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பேன், அதுதான் என் குறை" என்பதும் புளித்துப்போன பதில்.

கேள்வி: எந்த எரிச்சலைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு?

முதலில் வேலை விளம்பரத்தை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். அந்த வேலையின் உயிர்நாடி எதுவோ, அதில் எரிச்சல் என்று சொல்லவே கூடாது. புதியவர்களைப் பழக்கும் பணிக்குப் போய், "ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது" என்றால் கதை அங்கேயே முடிந்தது.

உடல்நல விடுப்பு, பிள்ளைப்பேறு, குடும்பப் பொறுப்பு, வயது ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் நல்லபடியாக முடியாது. மேலிடத்தையும் எச்.ஆர். துறையையும் குறை சொல்வதும் அதே ரகம், கேட்பவரே எச்.ஆர். ஆக இருக்கலாம்.

நன்றாக எடுபடும் ஒன்று சொல்கிறோம். வேலையைச் சொன்னதும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு, கடைசி நாளில் "இது எனக்குப் புரியவில்லை" என்று வந்து நிற்பது. இது எல்லா மேனேஜருக்கும் நடப்பது, யாரையும் இழிவு செய்வதும் இல்லை. முக்கியமாக, தீர்வின் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது. வேலையைக் கொடுத்ததும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னீர்களா? பத்து நாள் வேலைக்கு மூன்றாம் நாளே ஒரு மாதிரியை வாங்கிப் பார்த்தீர்களா? புரியவில்லை என்று சொன்னவரிடம் முகம் சுளித்தீர்களா? சுளித்திருந்தால், மறுமுறை ஏன் தலையாட்டினார் என்பதும் விளங்கும். இதில் நீங்கள் மாற்றிக்கொண்ட ஒன்றைச் சொல்லுங்கள், பதில் தயார்.

கேள்வி: என் அனுபவத்தில் அந்த ஊழியரைக் கடைசியில் வேலையிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. சொல்லலாமா?

சொல்லலாம், வரிசை முக்கியம். எதிர்பார்ப்பை எப்போது தெளிவாகச் சொன்னீர்கள், எத்தனை நாள் அவகாசம் கொடுத்தீர்கள், என்ன உதவி செய்தீர்கள், எழுத்தில் என்ன வைத்தீர்கள், பிறகு முடிவு. பெயர், பதவி, அவருடைய சொந்தச் சிக்கல் எதுவும் வாயில் வரக்கூடாது. ஒரே துறையில் இருப்பவர்களுக்கு ஆளை ஊகிக்க அதிக நேரம் ஆகாது. நீக்கியதைப் பெருமையாகச் சொல்லும் தொனி கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும், அதுவரை சொன்னதெல்லாம் வீண்.

கேள்வி: எனக்குக் கீழே யாருமே வேலை பார்த்ததில்லை. இதே கேள்வியை என்னிடம் கேட்டால்?

இல்லாததைச் சொல்லாதீர்கள். "நேரடியாக எனக்குக் கீழே யாரும் இருந்ததில்லை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, புதியவருக்கு வேலை பழக்கியதையோ, அதிகாரம் இல்லாமல் மூன்று நான்கு பேரை ஒருங்கிணைத்ததையோ எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவிட முடியாத இடத்தில் பேசிக் காரியம் முடித்ததற்கு மதிப்பு குறைவில்லை.