நான்கு கார்புரேட்டர் வண்டிக்கு வேக்குவம் கேஜ் வாங்கலாமா?

கேள்வி: நான்கு சிலிண்டர் கொண்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஐட்லிங்கில் கைப்பிடி நடுங்குகிறது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. கார்புரேட்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் அப்படியே இருக்கிறது. நான்கும் ஒரே அளவில் காற்றை இழுக்கும்படி சமன்படுத்த வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவரிடமே விடுவதா, கேஜ் வாங்கி நானே செய்வதா?

பதில்: மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஐட்லிங்கில் த்ராட்டில் (கார்புரேட்டரில் காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் பாகம்) திறந்திருப்பது மயிரிழை அளவே என்பதால், கழற்றிப் பூட்டியதில் ஏற்பட்ட சிறு வித்தியாசம்கூட ஒரு சிலிண்டரை முந்தவும் இன்னொன்றைப் பிந்தவும் செய்துவிடும். ஆனாலும் இது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் இடையே விடும் இடைவெளி), பிளக், இக்னிஷன் டைமிங், ஏர் ஃபில்டர், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். கேஜ் அளப்பது இன்லெட்டில், அதாவது சிலிண்டருக்குள் காற்று போகும் வழியில், உண்டாகும் வெற்றிடத்தை. வால்வு சரியாக மூடாத சிலிண்டரிலும் முள் தாழ்ந்தே நிற்கும். அதைக் கார்புரேட்டர் திருகைத் திருப்பிச் சரிக்கட்டினால் முள்கள் ஒன்றாக நிற்குமே தவிர, வால்வின் குறை அப்படியே இருக்கும். எனவே மெக்கானிக்கிடம் விடுவதானால், டேப்பெட் பார்த்தாயிற்றா என்று கேட்ட பிறகே விடுங்கள்.

வண்டியை நெடுநாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கேஜ் வாங்கலாம், மலிவானதே போதும். இங்கே வேண்டியது துல்லியமான எண் அன்று, நான்கு முள்களின் ஒற்றுமை. வாங்கியவுடன் நான்கு கேஜ்களையும் ஒவ்வொன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு எண் காட்டினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். முள்ளின் துடிப்பைத் தணிக்கும் வால்வு குழாயில் இருக்கிறதா, உங்கள் இன்ஜினில் கேஜ் மாட்டும் துளைக்குப் பொருந்தும் அடாப்டர் உடன் வருகிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். பழைய பாதரசக் கேஜ் எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உடைந்தால் வெளியேறும் ஆவி நஞ்சு.

பணம் செலவழிக்க மனமில்லாதவருக்கும் வழி உண்டு. தெளிந்த பிளாஸ்டிக் குழாயை பலகையில் ‘யு’ வடிவில் பொருத்தி, பாதியளவு டூ-ஸ்ட்ரோக் ஆயிலை நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களில் மாட்டினால், வெற்றிடம் அதிகமுள்ள பக்கம் ஆயில் ஏறும். பாதரசத்தில் 2 செ.மீ. வித்தியாசம் ஆயிலில் ஏறக்குறைய 30 செ.மீ. ஆகத் தெரியும் என்பதால், இது கடைக் கேஜைவிடவும் நுட்பமானது. சமன் மிகவும் கெட்டிருந்தால் ஆயில் இன்ஜினுக்குள் இழுக்கப்படலாம். குழாயை நீளமாக வையுங்கள்.

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், திறந்த வெளியில், எதிரே மின்விசிறி வைத்துச் செய்யுங்கள். பெரும்பாலான வரிசை நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் 1-ஆம் கார்புரேட்டருக்கும் 2-ஆம் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள சமன்படுத்தும் திருகு, அடுத்து 3-க்கும் 4-க்கும் இடையிலுள்ளது, கடைசியாக நடுத்திருகு என்பதே வரிசை. உங்கள் வண்டிக்குரிய வரிசையையும் அனுமதிக்கப்பட்ட வித்தியாசத்தையும் சர்வீஸ் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சிறு திருப்பத்துக்குப் பிறகும் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கிவிட்டு, முள் நிலைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கேஜைக் கழற்றியதும் துளைகளைப் பழைய ரப்பர் மூடியால் அடைக்க வேண்டாம்; வெடித்த மூடி வழியே காற்று புகுந்தால் ஐட்லிங் மறுபடியும் கெடும். புது மூடிகளையும் கேஜோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.