கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அரசே விலை வைத்து நெல் வாங்குகிறது. அப்புறமும் விவசாயி ஏன் வியாபாரியிடம் போகிறார்? (மன்னார்குடி வாசகர்)

ஈரப்பதம்தான் சார். விதிப்படி நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறுகிய காலப் பயிரான குறுவையின் அறுவடையோ புரட்டாசி, ஐப்பசி மழையில் வந்து விழும். போன வருஷம் எங்கள் நெல் ஒன்பது நாள் கொள்முதல் நிலைய வாசலில் கிடந்தது. காலையில் பரப்பிக் காயவைப்போம். மூன்று மணிக்கு மேகம் கருக்கும், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ராத்திரி நானும் தம்பியும் மாறி மாறிக் காவல். ஐந்தாம் நாள் குவியலின் அடியில் முளை விட்டிருந்தது. மத்தியக் குழு வந்து பார்த்து அந்த 17ஐத் தளர்த்திய வருஷங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முளைத்த நெல் ஆணைக்காகக் காத்திருக்குமா? வியாபாரி குறைத்துத்தான் கேட்கிறார். களத்துக்கே வண்டியோடு வந்து, கையில் பணம் தருகிறாரே!

கேள்வி: ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் போதாதா? (கும்பகோணம் வாசகி)

உங்களுக்குப் போதும். கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையான தலைஞாயிறுப் பக்கம் கேட்டுப் பாருங்கள், வாய்க்காலைத் தூர்வாராமல் தண்ணீர் எப்படி வரும் என்பார்கள்.

கேள்வி: உங்கள் வயல் அரிசியைத்தான் சாப்பிடுகிறீர்களா? (திருவாரூர் வாசகர்)

மாட்டிக்கொண்டேன். நாங்கள் போட்டது ஆடுதுறை 37, குண்டு நெல். இட்லிக்கு அருமை. சாதத்துக்குக் கடையில் பொன்னி வாங்குகிறோம். பையை அம்மா முந்தானையில் மறைத்துத்தான் கொண்டுவருவார்.