உடல் வராத வீட்டுக்கு ஒரு கல்

கேள்வி: என் பெரியப்பா கடற்படையின் விமானப் பிரிவில் இருந்தவர். 1971 போர் நடந்த டிசம்பரில் ‘காணவில்லை’ என்று தந்தி வந்ததாம். உடல் வரவில்லை. பெரியம்மா கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை. குடும்ப பென்ஷன் மட்டும் வாங்கி வந்தார். போன ஆண்டு அவரும் காலமாகிவிட்டார். பெரியப்பாவுக்கு எங்கள் நிலத்தில் ஒரு கல் நட ஆசைப்படுகிறோம். உடல் இல்லாமல் கல் வைக்கக் கூடாது என்கிறார் சித்தப்பா. திதி எந்த நாளில் கொடுப்பது? அவருக்கு என்ன நடந்தது என்று யாரிடம் கேட்பது? — ஊத்தங்கரை வட்டத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: அம்மா, கல் கட்டாயம் நடலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். கல்லில் வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது. அதனால் முதல் வேலை பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறப்பது.

அவர் பென்ஷன் வாங்கினார் என்கிறீர்கள். அப்படியானால் பென்ஷன் ஆணை என்று ஒரு தாள் இருந்தாக வேண்டும். வீட்டில் இல்லையென்றால் பணம் வந்த வங்கிக் கிளையில் அதன் எண் இருக்கும். உங்கள் பெரியப்பாவின் சர்வீஸ் நம்பரும் பதவியும் அந்த ஆணையில் உண்டு. சர்வீஸ் நம்பர் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. எந்தத் தாளும் மிஞ்சாத ஒரு வீட்டில், சீருடைப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது பின்பக்கம் பென்சிலில் அந்த நம்பர் எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சுவரில் தொங்கும் படத்தையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

தந்தி கிடைத்தால் அதன் சொற்களை நிதானமாகப் படியுங்கள். ‘காணவில்லை’ என்பது ஒன்று, ‘காணவில்லை, இறந்திருக்கலாம் என நம்பப்படுகிறது’ என்பது வேறு. குடும்ப பென்ஷன் வழங்கியிருக்கிறார்கள் என்றால், ஏதோ ஒரு கட்டத்தில் அவரை இறந்தவராகக் கருதி முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த முடிவைச் சொல்லும் கடிதத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

ஊர்ப் பெயரில் பலர் சறுக்குவார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். 1971-இல் ஊத்தங்கரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அந்தத் தருமபுரியே 1965 அக்டோபரில்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. பெரியப்பா அதற்கு முன் படையில் சேர்ந்திருந்தால் ஏட்டில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். விண்ணப்பத்தில் மூன்று பெயரையும் எழுதிவிடுங்கள். ஆள் பெயரும் அப்படித்தான். நம் ஊரில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்வோம். படை ஏட்டில் தகப்பனார் பெயர் முழுதாக, சில சமயம் முன்பின்னாகக்கூட ஏறியிருக்கும்.

இந்த விவரங்களோடு கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாலுமிகளின் பணி ஏடுகளைப் பார்த்துக்கொள்வது மும்பை மான்கூர்டில் இருக்கும் ‘பியூரோ ஆஃப் செய்லர்ஸ்’ அலுவலகம். மாவட்ட அலுவலகம் வழியாகவே அங்கு எழுதலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். ‘என்ன ஆனார்’ என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். கடைசியாக எந்தக் கப்பலில் அல்லது எந்த விமானப் படைப்பிரிவில் இருந்தார், எந்தத் தேதியில் காணாமல் போனதாகப் பதிவாகியிருக்கிறது, எந்த ஆணையின்படி இறந்தவராகக் கருதப்பட்டார் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கப்பலா விமானமா என்று நான் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கரைக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவில் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை. மறுநாள், டிசம்பர் 10 அன்று, நம் கடற்படையின் அலிஸே விமானம் ஒன்றை பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அலிஸே என்பது நீர்மூழ்கிகளைத் தேடும், மூன்று பேர் செல்லும் விமானம். அதில் போனவர்களும் திரும்பவில்லை. ‘விமானப் பிரிவு’ என்று வீட்டில் சொல்லிவந்தது அவர் பயிற்சி பெற்ற பிரிவாக இருக்கலாம். கடைசியாக இருந்த இடம் ஒரு கப்பலாகவும் இருக்கலாம். ஏடு சொல்லட்டும். அதுவரை எந்தப் பெயரையும் கல்லில் ஏற்றாதீர்கள்.

இடம் தெரிந்துவிட்டால், போய் நிற்கவும் ஓர் இடம் உண்டு. குக்ரிக்கு டையூ கடற்கரையில் நினைவிடம் இருக்கிறது. அலிஸே விமானத்தை கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம். டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரச் சுவர்களில், விடுதலைக்குப் பிந்தைய போர்களில் உயிரிழந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறதா என்று அதன் இணையதளத்திலேயே தேடலாம். விட்டுப்போயிருந்தாலோ எழுத்துப் பிழை இருந்தாலோ, ஆதாரத்தோடு மாவட்ட அலுவலகம் வழியாகக் கடற்படைக்கு எழுதுங்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறையில் தேட வேண்டாம். அது உலகப் போர்களைச் சேர்ந்தது.

பெரியம்மா பொட்டை அழிக்காததை யாரும் குறை சொல்ல வேண்டாம். 1971-இல் காணாமல் போன நம் வீரர்கள் பாகிஸ்தான் சிறையில் இருக்கலாம் என்று நாடாளுமன்றத்திலேயே 1979-இல் பட்டியல் வைத்தார்கள். பின்னால் 54 பேராக வளர்ந்த அந்தப் பட்டியலில், அலிஸேயில் போன லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராயின் பெயரும் உண்டு. 2007-இல் உறவினர்கள் சிலர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். உங்கள் பெரியம்மா காத்திருந்ததில் அர்த்தம் இருந்தது.

நிலம், பட்டா என்று ஏதாவது சிக்கல் வந்தால்: ஏழு ஆண்டு தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 111. ஆனால் இறந்த தேதி இதுதான் என்று அந்தப் பிரிவு சொல்லாது.

திதிக்கு வருகிறேன். ஏட்டில் தேதி கிடைத்தால் பழைய பஞ்சாங்கத்தில் திதி பார்த்துக்கொள்ளலாம். டிசம்பர் 9, 10 இரண்டுமே அந்த ஆண்டு கார்த்திகைத் தேய்பிறையில் வந்தன. தேதி கிடைக்காவிட்டால் புரட்டாசி மகாளய அமாவாசை போதும். நாள் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நாள்.

இனி சித்தப்பாவின் தடை. அவரை ஒரு நாள் தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ அழைத்துப்போய் அங்குள்ள அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் காட்டுங்கள். நம் இரண்டு மாவட்டமும் நடுகற்களின் பூமி. அதியமான் ஆண்ட தகடூர் இது. அவன் இறந்தபின் அவனுக்கு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டி, கள் படைத்ததைப் பார்த்து ஔவை கலங்கிப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. ஊர்ப்புறங்களில் நாம் வேடியப்பன் என்று கும்பிடும் கற்கள் பலவும் வில்லேந்திய வீரனின் நடுகற்களே. கல்லறை உடலுக்கு, நடுகல் பெயருக்கு. இன்னாருடைய மகன், இன்ன ஊரான், ஆநிரை மீட்டுப் பட்டான் என்று நாலு வரி. அவ்வளவுதான் அந்தக் கற்கள் கேட்டது.

தொல்காப்பியம் இதற்கு ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதை எடுத்துவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல், நட்ட கல்லுக்குச் சிறப்புச் செய்து படைக்கும் பெரும்படை, வாழ்த்தல். இந்த ஆறிலும் உடல் எங்கும் வரவில்லை, பாருங்கள். தண்ணீர் வருகிறது. கடலில் போனவருக்கு நீர்ப்படையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒகேனக்கல்லில் இருந்தோ அனுமந்தீர்த்தத்தில் இருந்தோ ஒரு குடம் நீர் கொண்டுவந்து கல்லைக் குளிப்பாட்டுங்கள். முடிந்தால் ஒரு சொம்பு கடல் நீரும் சேரட்டும்.

கல் நம் ஊரில் தட்டுப்பாடு இல்லை. பளபளப்பான கருங்கல் வேண்டும் என்பதும் இல்லை, வெட்டிய எழுத்து ஆழமாக இருந்தால் சரி. சொந்தப் பட்டா நிலத்தில் நடுங்கள், பொறம்போக்கில் வேண்டாம். ‘மறைவு’ என்று தேதி போடாதீர்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், பதவி, சர்வீஸ் நம்பர், பிறகு ‘1971 டிசம்பரில் கடலுக்குப் போனார், மீளவில்லை’ என்று இருக்கட்டும். ஏடு இன்னும் தெளிவாகச் சொன்னால் அதை எழுதுங்கள். அதன் கீழே ‘காத்திருந்தவர்’ என்று பெரியம்மாவின் பெயர் வரட்டும்.

உளி படுவதற்கு முன், சுண்ணக்கட்டியில் கல்மேல் எழுதிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைச் சித்தப்பாவே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்க்கட்டும். அண்ணன் பெயரைத் தம்பியைவிடச் சரியாக யார் பார்க்க முடியும்?