பம்ப்புக்கு முன்னால் தொட்டி

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிறேன். கழுவிய தண்ணீரைக் குழியில் பிடித்து, மோட்டார் போட்டு இரண்டு அங்குலக் குழாயில் பின்பக்கத் தொட்டிக்கு ஏற்றுகிறேன். இரவெல்லாம் விட்டாலும் எண்ணெய் மேலே வருவதில்லை. குழாயிலேயே பிரிக்க வழி உண்டா ஐயா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்த மோட்டாரைக் கவனியுங்கள். கடலூர் சிப்காட்டில் கழிவுநீர்ப் பிரிவில் இருந்த காலத்திலிருந்தே நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: எண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஏற்றுங்கள்.

பம்ப்பின் இம்பெல்லர், அதாவது உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரம், எண்ணெய்த் துளிகளை அடித்து நொறுக்கிவிடுகிறது. 1851-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் வெளியிட்ட விதிப்படி, துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது மேலேறும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். அசையாத தண்ணீரில் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) டீசல் துளி 10 சென்டிமீட்டர் ஏறச் சுமார் ஒரு நிமிடம் போதும். 15 மைக்ரான் துளிக்கு ஒன்றரை மணி நேரம். 5 மைக்ரான் என்றால் ஓர் இரவு போதாது. உங்கள் தொட்டியில் நடப்பது அதுவே.

இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுங்கள். ஒன்றில் குழித் தண்ணீர், மற்றொன்றில் பம்ப்பைத் தாண்டிய தண்ணீர். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் பாட்டிலின் கழுத்தில் சற்று நேரத்தில் கறுப்பாக ஒரு வளையம் கட்டும். இரண்டாவது, கழனித்தண்ணீர்போல் கலங்கியே நிற்கும்.

படுக்கைக் குழாயில் ஓட்டம் மெதுவாக இருந்தால் எண்ணெய் மேலும் தண்ணீர் கீழுமாகத் தானே அடுக்காகும். வேகம் கூடினால் அடுக்கு கலைந்துவிடும். ஆகவே கழுவும் மேடையிலிருந்து லேசான வாட்டத்தில் நான்கு அங்குலக் குழாய் போடுங்கள். குழாய் நிறைந்து ஓடினால், இரண்டு அங்குலத்தில் ஓடும் வேகத்தில் கால் பங்குதான் இருக்கும். வளைவுகளைக் குறையுங்கள். பாதி மூடிய வால்வு அறவே வேண்டாம். அதுவும் துளியை உடைக்கும். குழாய் முடிவில், மண் தங்க ஓர் அறை, எண்ணெய் மிதக்க ஓர் அறை. இரண்டாவதின் அடியிலிருந்து தண்ணீர் எடுத்து, அதன் பிறகு மோட்டார்.

ஷாம்பு போட்டுக் கழுவும் தண்ணீரை இந்தக் குழாயில் விடவே விடாதீர்கள். சோப்பு துளிகளைச் சுற்றிக்கொண்டு ஒன்றோடொன்று சேரவிடாது. அதற்குத் தனித் தொட்டி கட்டுங்கள். பொதுச் சாக்கடையில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெயும் கிரீசும் இருக்கக் கூடாது. ஏரி, ஆற்றுக்குப் போவதானால் 10.