கேள்வி-பதில்: ஐந்து நட்சத்திரத் தோசையும் ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாயும்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் மகன், என்னையும் என் மனைவியையும் நகரின் நடுவில் உள்ள ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனான். சாப்பாடு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 5,000 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணம் 500. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 6,490. எங்கள் ஊர் ஹோட்டலில் வரி 5 சதவீதம்தான். நான் வேட்டி கட்டிப் போயிருந்தேன்; பட்டிக்காட்டான் என்று ஏமாற்றிவிட்டார்களா? இட்லி தோசைக்கு இப்படி ஓர் இடம் தேவையா? இது பகல் கொள்ளை இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவில்பட்டி

பதில்: மகன் காசில் தோசை சாப்பிட்டதற்கெல்லாமா பெயரை மறைப்பது? இந்தக் கூச்சத்துக்குத்தான் உங்கள் குடும்பம் 590 ரூபாய் கட்டியிருக்கிறது. கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

'கொள்ளை' என்ற வார்த்தையை முதலில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விலை அட்டையைக் கையில் கொடுத்தார்கள். படித்துவிட்டுத்தான் கொண்டுவரச் சொன்னீர்கள். கத்தியைக் காட்டி யாரும் தோசையை ஊட்டவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில், நாம் மோருக்கு வருவதற்குள் அடுத்த ஆள் வந்து நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அப்படி ஒருவரும் உங்கள் பின்னால் நிற்கவில்லை. நகரின் நடுவே மேஜைக்கும் மேஜைக்கும் இடையில் அவ்வளவு இடம் விட்டால், அந்த நிலத்தின் விலையையும் தோசையின் தலையில்தான் ஏற்றுவார்கள். கட்டுப்படியாகவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர் பாட்டிலிலும் சட்டம் அவர்கள் பக்கம்தான். பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டல்கள் வாங்கலாம், அங்கே விற்பது வெறும் பாட்டில் அல்ல, சேவையும் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" (வாயு இல்லாத பாட்டில் தண்ணீரா, வாயு கலந்ததா) என்று கேட்டால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. "சாதாரணத் தண்ணீர் கொடுங்கள்" என்றால் வடிகட்டிய நீர் வந்திருக்கும். பக்கத்து மேஜைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கேட்காமல் இருந்துவிட்டீர்கள், அப்படித்தானே?

அந்த 18 சதவீதமும் ஹோட்டல்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டதல்ல. உணவக வரி தோசையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை, மாடியில் உள்ள அறையின் வாடகையைப் பார்த்து விதிக்கப்படுகிறது. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. வெளியே தனியாக இருக்கும் உணவகம் என்றால் 5. 2025 ஏப்ரல் முதல், முந்தைய நிதியாண்டில் உண்மையில் வாங்கிய வாடகையை வைத்து இது முடிவாகிறது. 18 வாங்குபவர், அதை அரசுக்குக் கட்டும்போது, தான் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். 5 வாங்குபவருக்கு அது கிடையாது. மேலே யாரோ தூங்கும் கட்டிலுக்கும் கீழே நீங்கள் கடித்த வடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நியாயம்தான். கேட்க வேண்டிய இடம் ஜி.எஸ்.டி. கவுன்சில்.

இனி அந்த 500 ரூபாய். இதில்தான் உங்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது, இதில்தான் நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை. சேவைக் கட்டணம் வரி அல்ல. அரசுக்குப் போகும் பணமும் அல்ல. பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, அதைச் சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி அதன்மேல் ஜி.எஸ்.டி. போடக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்று, சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன என்பது உங்கள் வாயைக் கட்டும் காரணமல்ல.

5,000 ரூபாய்க்கு 18 சதவீதம் சேர்த்தால் 5,900. நீங்கள் கொடுத்தது 6,490. "இந்தச் சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டு வேறு பில் கொண்டுவாருங்கள்" என்ற ஒரு வாக்கியத்தின் விலை 590 ரூபாய். பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பரிமாறிய பையனுக்குக் கொடுக்க மனமிருந்தால் அவன் கையிலேயே கொடுங்கள். பில்லில் ஏறும் தொகையில் அவனுக்கு எவ்வளவு போகிறது என்பது நிர்வாகத்துக்கே வெளிச்சம்.

வேட்டியை வீணாக வழக்கில் இழுக்காதீர்கள். 2014-ல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அந்த ஆண்டே, வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் அனுமதி மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றியது. உங்களை வாசலில் யாரும் தடுக்கவில்லை. கோட்டு போட்டவருக்கும் இதே பில்தான் வந்திருக்கும். அவரும் கூச்சத்தில் வாய் மூடித்தான் கட்டியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இட்லி தோசைக்கு இப்படி ஓர் இடம் தேவையா என்று கேட்கிறீர்கள். பெரிய ஹோட்டல் என்றாலே சூப்பும் கட்லெட்டும் என்றிருந்த காலத்தில், 1989-ல் சென்னை டி.டி.கே. சாலை ஹோட்டல் ஒன்றில் 'தக்ஷிண்' உணவகம் தொடங்கியது. நான்கு தென் மாநிலங்களின் வீட்டுச் சமையலைத் தேடிப் பிடித்து மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். தள்ளுவண்டியில் அடுப்போடு வந்து, கண்ணெதிரே குழிப்பணியாரம் சுட்டுத் தருவார்கள். நம் பாட்டிகளின் சமையலுக்கு வெள்ளை விரிப்பில் இடம் கிடைத்தது எனக்குக் குறையாகப் படவில்லை. அந்த ஹோட்டலே 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அங்கும் விலை அதிகம்தான், ஆனால் வாயில் வைத்தவர்கள் முதலில் பணியாரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறையும் படித்துவிட்டேன். பாட்டில், வரி, வேட்டி எல்லாம் இருக்கிறது. தோசை எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை. மகனிடமாவது சொன்னீர்களா?