ஐந்து முறை படித்தும் ஏன் மறக்கிறது?

கேள்வி: மகளுக்குப் பத்து வயது. சமூக அறிவியலை ஐந்து தடவை வாய்விட்டுப் படிக்கிறாள். ராத்திரி கேட்டால் கடகடவென ஒப்பிக்கிறாள். பரீட்சையில் பாதிதான் எழுதுகிறாள். (ஒரு தாய், அல்சூர், பெங்களூரு)

பதில்: ராத்திரி ஒப்பிப்பது படித்த சூடு, அவ்வளவுதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துச் சுமார் 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61. ஆனால் ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். பெற்றோர் ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

ஒரு பக்கம் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை. பிறகு வெற்றுத்தாளில், வரிசை தப்பினாலும் சரி, நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் சிவப்பு மையில் அவளே திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் தப்பே மனப்பாடமாகிவிடும். அதே பக்கத்தை மறுநாள், நாலாம் நாள், பத்தாம் நாள் பார்க்காமல் எழுதட்டும். அவள் திணறும்போது முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது. தொடக்கத்தில் 'எனக்கு ஒண்ணுமே வரல' என்று சிணுங்குவாள். அதற்காகப் பழைய முறைக்குத் திரும்ப வேண்டாம். பரீட்சைக்கு முந்தின இரவு தூக்கத்தை வெட்டுவதும் கூடாது. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை.

கேள்வி: வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். மூன்று வயதுப் பையன் கலந்து பேசுகிறான். தமிழை நிறுத்தலாமா? (ஒரு தந்தை, ஜாலஹள்ளி)

பதில்: வேண்டாம். கலப்பது கோளாறு அல்ல. அவனுக்கு எத்தனை சொல் தெரியும் என்று பார்க்கும்போது மூன்று மொழிக்கும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு வயது தாண்டியும் எந்த மொழியிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள்.

கேள்வி: செல்போனைக் கையிலிருந்து திரும்ப வாங்கினால் நாலு வயதுப் பேத்தி தரையில் புரண்டு அழுகிறாள். கண்டித்த பிறகு இன்னும் மோசம். (ஒரு பாட்டி, கே.ஆர். புரம்)

பதில்: உறுதியாக நிறுத்தத் தொடங்கியதும் அழுகை முதலில் கூடும், பிறகுதான் தணியும். சிக்கல் அந்த உச்சத்தில் வருகிறது. மூன்று நாள் பொறுத்துவிட்டு நாலாம் நாள் 'பாவம்' என்று கொடுத்தால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்றே அவள் கற்றுக்கொள்கிறாள். எப்போதாவது கிடைக்கும் பரிசு வளர்க்கும் பழக்கம் தினமும் கிடைப்பதைவிடப் பிடிவாதமானது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி, தாத்தாவுக்கும்! வாங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லுங்கள். ஓடும் வீடியோவை நடுவில் பிடுங்காமல் அது முடிந்ததும் வாங்குங்கள். அழும்போது பக்கத்தில் உட்காரலாம், பேரம் மட்டும் கூடாது. செல்போனைத் தானே கொடுத்த நாளில் அப்போதே பாராட்டுங்கள்.