மூளையைத் தின்னும் செல்களா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாவுக்கு அல்சைமர் நோய் என்று உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது என்னை அவருக்கு அடையாளம் தெரிவதில்லை. மூளையிலுள்ள நோயெதிர்ப்புச் செல்களே நரம்பு செல்களை அழிப்பதுதான் இந்நோய்க்குக் காரணம் என்று அண்மையில் ஒரு கட்டுரையில் படித்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதானா இது? அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் அம்மாவைக் காப்பாற்றியிருக்கலாமோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடுவதில்லை. உறவினர்களோ எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்துகளைக் கொடுக்கச் சொல்கிறார்கள். எது சரி?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அந்த மாத்திரைகளைக் கொடுத்திருந்தாலும் அம்மாவின் நோய் நின்றிருக்காது. நீங்கள் நினைத்ததையே ஆய்வாளர்களும் ஒருகாலத்தில் நினைத்தார்கள். முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகள் அழற்சி மருந்து உட்கொண்டவர்களிடம் அல்சைமர் குறைவாகக் காணப்பட்டதே அதற்குக் காரணம். அமெரிக்காவில், குடும்பத்தில் மறதிநோய் இருந்த, எழுபது வயதைக் கடந்த 2,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு நாப்ராக்சன், செலிகாக்சிப் ஆகிய மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். இதயத்துக்கு ஆபத்து நேரலாம் என்ற கவலையால் 2004-இல் மருந்து நிறுத்தப்பட்டது. தொடர்ந்து கண்காணித்தபோதும் அவை நோயைத் தடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் செய்யத் தவறியது என்று எதுவும் இல்லை.

நீங்கள் படித்த செல்களின் பெயர் மைக்ரோக்ளியா. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்தேகா 1919-இல், வெள்ளி உப்பைக் கொண்டு மூளைத் திசுவுக்குச் சாயமேற்றி இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். இவை மற்ற மூளைச் செல்களோடு பிறந்தவை அல்ல. கரு உருவாகும் தொடக்க நாட்களில் கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறுபவை. 2005-இல் உயிருள்ள எலிகளின் மூளையை லேசர் நுண்ணோக்கியால் நேரடியாகப் பார்த்தபோது, ஓய்வில் இருப்பதாக நம்பப்பட்ட இச்செல்கள் தம் மெல்லிய கிளைகளை இடைவிடாமல் நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. இரத்தக்குழாயில் சிறு காயம் ஏற்படுத்தியதும் சில நிமிடங்களுக்குள் அருகிலிருந்த கிளைகள் யாவும் அந்த இடத்தை நோக்கித் திரும்பிவிட்டன. இறந்த செல்களையும் கழிவுப் புரதங்களையும் விழுங்கி அகற்றுவது இவற்றின் அன்றாட வேலை.

வேலி பயிரை மேய்வதாக நீங்கள் எழுதியதில் பாதி உண்மை இருக்கிறது. வளரும் மூளையில் தேவைக்கு மிகுதியாக உருவாகும் நரம்பிணைப்புகளைக் களைவதில் மைக்ரோக்ளியாவுக்குப் பங்குண்டு. களையப்பட வேண்டிய இணைப்பின்மேல் காம்ப்ளிமென்ட் வகைப் புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த அடையாளத்தைக் கண்டு மைக்ரோக்ளியா அதை விழுங்குகிறது. குழந்தைப் பருவத்தில் இது மூளையைச் செப்பனிடும் வேலை. 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, அல்சைமர் போன்ற நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில், அமிலாய்டு என்னும் கழிவுப் புரதத்தின் படிவுகள் கண்ணுக்குத் தெரியும்படி சேர்வதற்கு முன்பே இதே அடையாளமிடல் மறுபடி தொடங்கிவிடுவதையும், அதைத் தடுத்தால் நரம்பிணைப்புகளின் இழப்பு குறைவதையும் காட்டியது. நினைவு தங்கியிருப்பது அந்த இணைப்புகளில்தான் என்பதால், இந்த ஆய்வை என்னால் கலக்கமின்றிப் படிக்க முடியவில்லை.

மறுபாதி இதற்கு நேர்மாறானது; எனக்கு அதுவே முக்கியமானதாகப் படுகிறது. இச்செல்கள் வெறும் எதிரிகள் என்றால், அவற்றின் வேகம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு நோய் குறைவாக வர வேண்டும். 2013-இல் வெளியான இரண்டு மரபணு ஆய்வுகள் இந்த எதிர்பார்ப்பைக் கவிழ்த்தன. மைக்ரோக்ளியாவின் மேற்பரப்பில் ட்ரெம்-2 என்றொரு ஏற்பி இருக்கிறது. சிதைந்த கொழுப்பையும் அமிலாய்டையும் உணர்ந்து செல்லை வேலைக்குத் தூண்டுவது அதுதான். அந்த ஏற்பியைப் பலவீனமாக்கும் அரிய மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. எலிகளின் மூளையில் இதன் காரணம் தெளிவாகத் தெரிகிறது. ஆரோக்கியமான மைக்ரோக்ளியா அமிலாய்டுப் படிவை நெருக்கமாகச் சூழ்ந்து, அதை இறுக்கி, ஓரங்களை மூடிவிடுகிறது. ட்ரெம்-2 குன்றிய எலிகளில் படிவைச் சுற்றி மிகச் சில செல்களே வந்து சேர்கின்றன. படிவின் ஓரங்கள் இழை இழையாகப் பிரிந்து பரவ, அருகில் செல்லும் நரம்பிழைகள் வீங்கிச் சிதைகின்றன. அதாவது, செல்கள் வேலை செய்யாததாலும் மூளை கெடுகிறது.

இந்த இரண்டு பாதிகளையும் பிணைப்பது காலம் என்பதே என் புரிதல். அல்சைமரில் அறிகுறிகள் வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது. அந்த நெடுங்காலத்தில் மைக்ரோக்ளியா படிவுகளை அணைகட்டி நிறுத்தப் போராடுகிறது. ஆண்டுக்கணக்கில் விழுங்கியும் செரிக்க முடியாமல், முதுமையாலும் தளர்ந்த செல்கள் அழற்சிப் பொருட்களை ஓயாமல் சுரக்கத் தொடங்குகின்றன. அப்பொருட்கள் பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்களையும் மாற்றிவிடுகின்றன. அப்படி மாறியவை நரம்பு செல்களைப் பேணுவதை விட்டு, அவற்றுக்குத் தீங்கு செய்யவும் கூடும் என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. பார்க்கின்சன் நோயிலும் இத்தகைய அழற்சி உண்டு: அந்நோயால் இறந்தவர்களின் நடுமூளையில் தூண்டப்பட்ட மைக்ரோக்ளியா நிறைந்திருந்ததை 1988-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்துகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படி விற்கப்படும் எதுவும் மைக்ரோக்ளியாவை நல்வழியில் தூண்டுவதாக நிரூபிக்கப்படவில்லை. நேரடியாக ட்ரெம்-2 ஏற்பியையே தூண்டும்படி உருவாக்கப்பட்ட ஒரு மருந்துகூட, ஆரம்பநிலை நோயாளிகளிடம் நடந்த சோதனையில் நோயின் போக்கைக் குறைக்கவில்லை என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு குறிபார்த்து எய்த அம்பே இலக்கைத் தொடாதபோது, கடையில் வாங்கும் குப்பியை நம்பி அம்மாவின் மற்ற மருந்துகளோடு கலந்துவிடாதீர்கள். எதைச் சேர்ப்பதானாலும் அவருடைய மருத்துவரிடம் கேட்ட பிறகே சேருங்கள்.

2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானெமாப் என்னும் எதிர்ப்புரத மருந்து பற்றியும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அது அமிலாய்டில் ஒட்டிக்கொண்டு, அதை அகற்றும்படி மைக்ரோக்ளியாவுக்கு அடையாளம் காட்டுகிறது. பதினெட்டு மாதச் சோதனையில் நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது; சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்பட்டன. ஆனால் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களிடம் மட்டுமே அது சோதிக்கப்பட்டது, அவர்களுக்கே பரிந்துரைக்கப்படுகிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மா அந்த நிலையைக் கடந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். அதற்காக அலைந்து அவரையும் உங்களையும் வருத்திக்கொள்ள வேண்டாம். அவருடைய தூக்கம், வலி, விழுங்குவதில் உள்ள சிரமம், காது கேட்பது, திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்பது — இவற்றை மருத்துவரோடு ஒவ்வொன்றாகப் பேசுங்கள். இன்று அவருடைய நாளை இலகுவாக்கக் கூடியவை இவையே.

அன்புடன்